டோனாவூர்த் தோட்டத்தில் ஒரு காலைப்பொழுது

கணவருக்கு நான்கு மாதமாகச் சம்பளம் வரவில்லை. மகளின் நர்சிங் படிப்புக்குக் கட்ட வேண்டிய பணம், நகைக்கடன் வட்டி, மளிகைக்கடைப் பாக்கி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த நாட்களிலும் என் அத்தை, உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஆலயத்துக்குக் கொடுக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கைக்கு ஒரு பிடி எடுத்து வைப்பார். "நமக்கே இல்லை, இதை நிறுத்தினால் என்ன அத்தை?" என்று ஒருநாள் கத்திவிட்டேன். அவர் முகம் வாடவில்லை. "சனிக்கிழமை டோனாவூர் போய் வருவோம், வாம்மா" என்றார்.

வள்ளியூரில் பஸ் மாறினோம். மேற்கே மலை முழுவதும் மேகம் கவிந்திருந்தது. டோனாவூர் என்ற பெயரே ஒரு கொடையின் நினைவுதான். இங்கே ஆலயம் எழும்பப் பணம் கொடுத்த டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயர் அது.

அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1901இல் இந்த ஊரில் பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்கத் தொடங்கினார். காலப்போக்கில் நூற்றுக்கணக்கானோர் ஆனார்கள். பால், அரிசி, துணி, மருந்து என்று எத்தனை செலவு! ஆனாலும் மனிதரிடம் பணம் கேட்பதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தேவை ஜெபத்தில் மட்டும் சொல்லப்பட்டது; பணமும் வந்து சேர்ந்தது.

இதைச் சாட்சியாகச் சொல்கிறவர்களில் பலர், பணம் வந்து சேர்ந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. நெய்யூரில் அவர் வைத்திருந்த குழந்தைகள் காப்பகத்தில் 1905இல் நோய் பரவிப் பச்சிளங்குழந்தைகள் பல இறந்தன. 1931இல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் அறையிலேயே கிடந்தார். அந்தக் குழந்தைகளுக்காகவும் ஜெபித்திருப்பார்தானே? கேட்டது கிடைக்காத நாளிலும் அதே பிதாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாரே, அந்த விசுவாசம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அனுமதி பெற்று உள்ளே போனோம். மரநிழலில் அவருடைய கல்லறை. தனக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். அதனால் பிள்ளைகள், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்து, அதில் தாய் என்று பொருள்படும் 'அம்மை' என்ற ஒரே சொல்லைப் பொறித்தார்கள்.

நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு தவிட்டுக்குருவி வந்து தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தது. இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பிப் பார்த்தது. அலகை நனைத்தது, கழுத்தை உயர்த்தி விழுங்கியது, மறுபடியும் குனிந்தது. பின்னாலேயே இன்னும் நான்கைந்து வந்து இறங்கின. அத்தை மெல்லிய குரலில், "அவைகள் விதைக்கிறதுமில்லை, அறுக்கிறதுமில்லை, களஞ்சியங்களில் சேர்த்துவைக்கிறதுமில்லை" என்றார். ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாடம் செய்த வசனம். 'அவைகளையும் உங்கள் பரமபிதா பிழைப்பூட்டுகிறார்' என்ற அடுத்த வரியை நான் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. நான்கு மாதத்தில் அன்றுதான் கடனைச் சொல்லி அழாமல், "அப்பா" என்று மட்டும் சொல்லி அழுதேன்.

வீடு திரும்ப இருட்டிவிட்டது. உலை வைத்து அரிசி அளந்தபோது ஒரு பிடி எடுத்துக் காணிக்கை டப்பாவில் போட்டேன். அத்தை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கட்டணம் கட்ட இன்னும் ஒன்பது நாள் இருந்தது.