ஷாத்தோரூ நாட்கள்

26 ஜூலை 2024, வெள்ளி
பாரிஸ் ஒலிம்பிக்கின் தொடக்க விழா; சேன் நதியின் மீது படகுகள் அணிவகுக்கின்றன. என் மனமோ துப்பாக்கி சுடும் களம் இருக்கும் ஷாத்தோரூவில் கிடக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பிஸ்டல் வீராங்கனை மனு பாக்கரின் துப்பாக்கி பழுதாகி நேற்றோடு மூன்று ஆண்டுகள் நிறைந்தன. அன்று அவர் எடுத்த 575 புள்ளிகளும், இரண்டே புள்ளிகளில் நழுவிய இறுதிச்சுற்றும் எனக்கு மறக்கவில்லை. என் தோள் வலிக்கிறது. உறக்கம் இல்லை.

27 ஜூலை, சனி
580! 10 மீட்டர் பிஸ்டல் தகுதிச்சுற்றில் மனுவுக்கு மூன்றாம் இடம்.
60 குண்டுகள், 75 நிமிடங்கள். 10 மீட்டர் தொலைவில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர். எண்கள் மாறுவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நான், அடுத்த எண் வரத் தாமதித்த போதெல்லாம், துப்பாக்கி முனையில் குறிபார்க்க உதவும் முன்குறி நிலைகொள்ளாததால் அவர் சுடாமலே கையை இறக்கி, மூச்சை விட்டு, மீண்டும் உயர்த்துகிறார் என்று எண்ணிக்கொண்டேன். சுடுவதைவிடச் சுடாமல் கையை இறக்குவதே இந்த விளையாட்டில் கடினமானது. கடிகாரம் ஓடும்போது அந்தத் துணிவு எளிதில் வராது.
ஆண்கள் பிரிவில் சரப்ஜோத் சிங் 577 எடுத்தார். எட்டாம் இடத்தவருக்கும் அதே 577 தான். பத்து வளையத்தின் நடுவிலுள்ள சிறு வட்டத்தில் பட்ட உள்வட்டப் பத்துகளில் ஒன்று குறைந்ததால் சரப்ஜோத் வெளியேறினார். அந்தப் பிள்ளையின் இரவு எப்படிக் கழியும்?

28 ஜூலை, ஞாயிறு
மனுவுக்கு வெண்கலம். 221.7 புள்ளிகள். ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண். லண்டன் 2012-க்குப் பின் நமக்கு இந்த விளையாட்டில் கிடைத்த முதல் பதக்கமும் இதுவே. வாய்விட்டு அழுதேன்.
கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ரைபிள் தகுதிச்சுற்றில் பத்தாவதாக முடித்து, இறுதிச்சுற்றை இழந்ததும் இன்றுதான்.

29 ஜூலை, திங்கள்
வெள்ளி வென்ற கொரியாவின் கிம் யே-ஜிக்கும் மனுவுக்கும் இடையே, மனு வெளியேறிய கட்டத்தில், 0.1 புள்ளி. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடையே 0.1.

30 ஜூலை, செவ்வாய்
ஆணும் பெண்ணும் சேர்ந்து சுடும் கலப்பு அணியில் மனுவுக்கு இரண்டாவது வெண்கலம். கொரியாவை 16-10 என வென்றார்கள். சுதந்திர இந்தியாவில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் பெற்றவர் மனுவுக்கு முன் எவருமில்லை. பக்கத்தில் நின்றவர் சரப்ஜோத். சனிக்கிழமையை அவர் எங்கே இறக்கி வைத்துவிட்டு வந்தாரோ!

31 ஜூலை, புதன்
மனு திடீரென்று உயர்ந்துவிட்டார் என்று மாமா தொலைபேசியில் சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை. ஹரியானாவின் கோரியா கிராமத்துப் பெண், 2018-இல், பதினாறு வயதில், குவாடலஹாராவின் உலகக் கோப்பையில் இரண்டு தங்கம் வென்றார். அதே ஆண்டு கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்திலும், புயனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கிலும் தங்கம். அந்த ஏற்றத்தை நான் வியந்து பார்த்தேன். ஆனால் பெரிதாக மதிப்பது அதையல்ல. டோக்கியோவுக்கு முன் பிரிந்துபோன பயிற்சியாளர் ஜஸ்பால் ராணாவை 2023-இல் அவரே மீண்டும் தேடிச் சென்றாரே, அதைத்தான். பழைய கசப்பைக் கீழே வைத்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து பிடிக்கத் தெரிந்த மனம் அது. மாமாவுக்கு இதை எழுதியே அனுப்ப வேண்டும்.

1 ஆகஸ்ட், வியாழன்
என் தோளுக்கு வேலை கொடுக்க மருத்துவர் இன்னும் அனுமதிக்கவில்லை.

2 ஆகஸ்ட், வெள்ளி
25 மீட்டர் பிஸ்டல் தகுதிச்சுற்றில் மனுவுக்கு 590, இரண்டாம் இடம். எனக்கு மகிழ்ச்சியைவிட அச்சமே அதிகம். நாளைய இறுதிச்சுற்றில் ஒவ்வொரு குண்டுக்கும் மூன்று நொடிதான், 10.2-க்குக் கீழே போனால் அது கணக்கிலேயே வராது. கையை இறக்கி மறுபடி தொடங்க அங்கே இடமே கிடையாது. அவருடைய பெரும் பலம் எதுவென்று நான் நினைக்கிறேனோ, அதற்கு அங்கே வேலையில்லை.

3 ஆகஸ்ட், சனி
நான்காம் இடம். ஹங்கேரியின் வெரோனிகா மேஜருடன் சமநிலை, பின்பு ஐந்து குண்டுகளில் முடிந்த தனிப்போட்டி. நான்கு மேஜருக்கு, மூன்று மனுவுக்கு.
மூன்றாவது பதக்கம் போயிற்று என்று எல்லோரும் அதையே பேசுகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. மூன்று போட்டி, மூன்றிலும் பதக்கத்துக்கான சுற்று வரை! இரவு பதிவை மீண்டும் போட்டு, ஐந்து குண்டுகள் கொண்ட எட்டாவது தொடரில் எந்தக் குண்டுகள் விலகின என்று பார்க்க வேண்டும்.