எண்ணெய்க்காப்பு அன்று

நானுஓயாப் பக்கம் ரயிலில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். தேயிலை மலைக்கு நடுவே தகரக் கூரை லயங்கள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்), அவற்றுக்கு மேலே புத்தம்புதுச் சாயம் பூசிய ஒரு கோபுரம். தலவாக்கலையில் இறங்கி ஆட்டோ பிடித்து நான் போனது அப்படியொரு தோட்டத்து மாரியம்மனிடம். மறுநாள் கும்பாபிஷேகம், அன்று எண்ணெய்க்காப்பு.

இலங்கைக் கோயில்களில் இது ஒரு தனிப் பாக்கியம். சிலையைப் பீடத்தோடு ஒட்டும் அஷ்டபந்தன மருந்து சாத்திய மூலமூர்த்திக்கு யாரும் கருவறைக்குள் போய்த் தங்கள் கையாலேயே எண்ணெய் வைக்கலாம். காலையிலேயே வரிசை லயத்து முனையைத் தாண்டிவிட்டது. அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டாலும் பரவாயில்லை என்று மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள், கொழுந்துக் கறை போகாத விரல்களால் அம்மனின் பாதத்தையும் கன்னத்தையும் தடவினார்கள். ஒரு பெரியாயி தடவியபடியே மகளுடைய கலியாணக் கடனைச் சொல்லி அழுதார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தவில்லை. நானும் எண்ணெய் வைத்தேன். கல் சில்லென்று இருந்தது.

வெளியே வந்தால் வேறு உலகம்.

இந்த அம்மன் ஒரு மரத்தடிக் கல்லாக இருந்தவள். தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாக வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காலராவிலும் அம்மையிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அம்மைக்குரியவளை எல்லாத் தோட்டத்திலும் உட்கார வைத்தது அந்தப் பயம்தான். கூடவே தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி எடுக்கும் முன் கோழி கேட்கும் கவ்வாத்துசாமி, தேயிலை ஆலையின் இயந்திரங்களைக் காக்கும் ரோதைமுனி என்று தொழிலோடு ஒட்டிய காவல்களும் வந்தன. ஆலையைப் பூட்டிவிட்டால் ரோதைமுனி என்ன செய்வார் என்று யாராவது யோசித்தார்களா தெரியாது.

இப்போது ஆகம முறைப்படி எல்லாம் மாறுகிறது. யாழ்ப்பாணத்துக் குருக்கள், நாதஸ்வரம், தவில். முனியின் சூலத்தைப் பிடுங்கிப் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குக் கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள். கெடா வெட்டுக்குத் தடை. தப்பு மேளம் ரோட்டு வளைவோடு நிற்க வேண்டுமாம்.

"அண்ணே, கோழி அறுக்குற கோயில்னு டவுன்ல சிரிக்கிறாங்க. கிறிஸ்தவ சபைக்குப் போன குடும்பத்தையெல்லாம் எதை வச்சுத் திருப்பிக் கூப்புடுறது? மாத்தளை மாதிரி வரணும்" என்றான் கமிட்டி இளைஞன் ஒருவன். மாத்தளை முத்துமாரியம்மன் 1983 கலவரத்தில் எரிக்கப்பட்டு, மறுபடி எழுந்து, இன்று மாசிமகத்துக்கு ஐந்து தேரில் வலம் வருகிறவள். அவன் ஆசையில் எனக்குக் குறை தெரியவில்லை. லயத்துப் பிள்ளைக்குத் தலை நிமிர ஒரு கோபுரம் வேண்டியிருக்கிறது. ஆனால் நாட்சம்பளம் 1000 ரூபாயைத் தொட்டதே 2021இல்தான். அந்தச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த கோயில் காசுக்குக் கணக்கு எங்கே என்று தோட்டத்தின் கீழ் டிவிசன்காரர்கள் கேட்டு, வாய்ச்சண்டை கைகலப்பாகி, பொலிஸ் வரை போயிருக்கிறது. அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

பழைய பூசாரித் தாத்தா லயத்து இஸ்தோப்பில், முன் திண்ணையில், உட்கார்ந்திருந்தார்.

"இத்தன வருசம் நான்தான் ஆத்தாவுக்குக் குளிக்க ஊத்துனேன். இனி வெளிய நின்னு கும்புடச் சொல்றாங்க. கும்புடுறேன், அதுக்கென்ன. ஆனா மார்கழியில ஆத்தாவுக்குப் பச்சத்தண்ணி ஆகாது, வெதுவெதுன்னு ஊத்தணும். அய்யருக்கு அத யாரு சொல்றது?"

எண்ணெய்க்காப்பு வரிசையில் அவரும் எல்லாரையும் போல நின்று உள்ளே போய் வந்திருக்கிறார். யாரும் அவரை முன்னால் விடவில்லை.

மறுநாள் கும்பநீர் கோபுரத்தில் விழுந்தபோது சண்டைக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் அரோகரா போட்டார்கள். என் கண்ணும் நனைந்தது, பொய் சொல்வானேன். நீர் காய்வதற்குள் மண்டலாபிஷேகத்துக்கு 48 நாளும் யார் யார் உபயம் என்று மடப்பள்ளி வாசலில் சத்தம் கிளம்பிவிட்டது. தப்படிக்கிற குடும்பங்கள் சேர்ந்து ஒரு நாள் கேட்டார்கள். இடமில்லை, எல்லாம் நிரம்பிவிட்டது என்றார் செயலாளர். அவர் கையிலிருந்த பட்டியலை நான் எட்டிப் பார்த்தேன். பாதி நாட்களுக்கு எதிரே பெயரே இல்லை.