சிங்க் ஓட்டைக்குள் ஒரு கைமாற்று

பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி லேபில் எனக்கு வேலை. போன வாரம் ஐசியூ தாத்தா ஒருவரின் சிறுநீரில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்தது. தட்டில் வைக்கும் மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் வில்லையைச் சுற்றி, மருந்து கேட்டால், கிருமி வளராத வெற்று வட்டம் விழவேண்டும். கிருமியோ வில்லையின் விளிம்புவரை கொழகொழவென்று அப்பிக்கிடந்தது. சரி, ஒன்றுதானே என்றிருந்தேன்.

நாலு நாளில் பக்கத்துக் கட்டில் ஆச்சிக்கு ஈ.கோலை. கிருமி வேறு, முரண்டு அதே முரண்டு. பிளாஸ்மிட் வேலையாகத்தான் இருக்கும். அது மருந்தை எதிர்க்கும் மரபணுவைச் சுமக்கக்கூடிய ஒரு டிஎன்ஏ வளையம். ஒரு பாக்டீரியா மெல்லிய இழையை நீட்டி அடுத்ததை இழுத்து ஒட்டிக்கொண்டு, வளையத்தின் நகலைக் கொடுத்துவிடும். இனம் பார்க்காது. கொடுத்ததற்கும் குறைவதில்லை, நம்மூர்க் கைமாற்று அப்படியா? மெரோபெனத்தை உடைக்கும் நொதியைத் தரும் என்டிஎம்-1 மரபணுவை 2009இல்தான் விவரித்தார்கள். அதுவும் பெரும்பாலும் இப்படித்தான் பரவுகிறது.

எனக்குச் சந்தேகம் வார்டு சிங்க்மேல். வடிகுழாயில் படியும் வழுவழுப்பில் இவை நெருக்கியடித்து வாழும். நேற்று பஞ்சுக்குச்சியோடு போனேன். "தண்ணி போற ஓட்டையில என்னக்கா எடுக்கிய?" என்றாள் வார்டு கூட்டும் தங்கச்சி. தட்டு இன்குபேட்டரில் இருக்கிறது.