பாரிசவாதத்துக்குப் பிறகு வீடியோவில் பிஸியோ: கடதாசியும் இஸ்தோப்பும்

பிஸியோ (உடலியக்கச் சிகிச்சை) வீடியோவிலேயே கிடைத்தால், ஒரு பக்கம் விழுந்த ஆளை த்ரீவீலில் ஏற்றி மலை வளைவுகளில் தாங்கிப் பிடித்துக்கொண்டு போகும் வேலை மிச்சம். அதற்காகவே வீடியோ பிஸியோவை விடமாட்டோம். ஆனால் அதில் பதிவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

டயக்னோசிஸ் கார்டை (ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடும்போது தரும் நோய் விவர அட்டை) வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அனுப்பிய பிறகு, "ஒரிஜினல் இல்லாமல் பதிய முடியாது" என்று கவுண்டரில் ஒருவர். தோட்டத்திலிருந்து இறங்கி எடுத்துப்போனால், இன்னொருவர் அதைத் தன் போனில் படம்பிடித்துவிட்டுக் கையில் திருப்பித் தந்தார்! ஆகவே யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார் என்று போனிலேயே கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கார்டின் படத்தைப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், இரண்டு பக்கமும் எடுங்கள். பிஸியோவுக்கு முக்கியம் மூளையில் இரத்தக்குழாய் அடைப்பா, இரத்தக்கசிவா, எந்தப் பக்கம் பலவீனம், இப்போது என்ன மருந்து என்பவைதான்.

லயத்து அறைக்குள் வீடியோ சரிவராது. கதவு வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் விழுந்தால் ஆள் நிழலாகத்தான் தெரிவார். இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) வெளிச்சம் முகத்தில் படும்படி உட்கார வையுங்கள். சிக்னலும் அங்கேதான் பிடிக்கும். போனைக் கால் பாதம்வரை தெரியும் அளவுக்குத் தள்ளி வையுங்கள். பாதம் தெரியாவிட்டால் நடையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

போனை இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும். நடக்கவைப்பவர் பலவீனமான பக்கத்தில், சற்றுப் பின்னால் நிற்கவேண்டும். அந்தக் கையைப் பிடித்து இழுக்கவோ, அக்குளில் கைகொடுத்துத் தூக்கவோ கூடாது. தோள்மூட்டு இறங்கிவிடும், பிறகு மாதக்கணக்கில் வலிதான். மழை நாளில் சீமெந்துத் தரையைத் துடைத்துவிட்டே ஆரம்பியுங்கள். பிரஷரை அழைப்புக்கு முன்பே, 5 நிமிடம் உட்காரவைத்து, நல்ல கையில் எடுத்து எழுதிவையுங்கள்.

பேச்சுப் பயிற்சி என்றால் தமிழ் தெரிந்தவரை முதலிலேயே கேளுங்கள். தெரியாத சிங்களத்தில் தடுமாறுவதை வைத்து மூளைக்கு எவ்வளவு பாதிப்பு என்று யாராலும் அளக்கமுடியாது. கேள்வி வந்ததும் பக்கத்திலிருப்பவர் முந்திக்கொண்டு பதில் சொல்வதும் வேண்டாம் (நம் வீடுகளில் இதை நிறுத்துவதுதான் பெரும்பாடு).

தேத்தண்ணீர் குடிக்கும்போது இருமினால், குரல் நீர் கோத்தாற்போல் கரகரத்தால், வாய்வழியாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு நேரில் காட்டவேண்டும். வாய் கோணல், கை விழுதல், பேச்சுக் குழறல் திடீரென வந்தால் வட்ஸ்அப் பக்கமே போகாதீர்கள். 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக் கொடுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக அந்த நேரத்திலிருந்து 4.5 மணித்தியாலத்துக்குள், அதுவும் சிடி ஸ்கேன் பார்த்த பிறகே. கசிவாகவும் இருக்கலாம் என்பதால் வீட்டில் அஸ்பிரின் கொடுக்கக்கூடாது.

இரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவருக்கு இரத்தப் பரிசோதனைக்கு எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பிஸியோவை நேரில் பார்க்கும் நாளையும் அன்றைக்கே போட்டுத்தரச் சொல்லுங்கள். கேட்டபோது மறுபேச்சில்லாமல் கிளினிக் கொப்பியில் எழுதித் தந்தார்கள்.