சாங்கி கரையில் சிப்பிக்குப் பல் பார்த்த கதை

விடிவதற்கு முன்னாலேயே அண்ணன் மகள் என்னை எழுப்பிவிட்டாள். அன்றைக்குக் கடல் நன்றாக வற்றும் நாளாம். டாக்சி பிடித்து, சிங்கப்பூரின் சாங்கி கடற்கரைக்குப் போய் இறங்கினால், தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, ஈர மணலும் கடற்புல்லுமாகக் கிடந்தது. எதிரே உபின் தீவு கறுப்பாகத் தெரிந்தது, தலைக்கு மேலே தாழப் பறந்து விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

நான் நண்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் ஒற்றைக் கிளிஞ்சல் ஒன்றை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் திருப்பி, "அத்தை, இதுக்குப் பல் இருக்கு பாருங்க" என்றாள். தூத்துக்குடியில் பிறந்து, கிளிஞ்சல் பொறுக்கியே வளர்ந்தவள் நான். ஆனால் ஒருநாளும் அந்த இடத்தைப் பார்த்ததில்லை! இரண்டு ஓடுகளும் சேரும் முதுகு விளிம்பில், சீப்பின் பற்களைப் போலச் சின்னச் சின்னதாக, ஒரே மாதிரி, நேர் வரிசை. ஒரு ஓட்டின் பல் எதிர் ஓட்டின் குழிக்குள் போய் உட்காரும், அதனால் மூடிய சிப்பி பக்கவாட்டில் வழுக்காது. இந்தச் சீப்பு வகைக்கு டாக்சோடான்ட் என்று பெயர்.

அப்புறம் நண்டை மறந்துவிட்டேன். அடுத்துக் கிடைத்த வழவழப்பான மட்டியில் சீப்பு இல்லை, ஓட்டின் முதுகில் புடைத்திருக்கும் கூம்பின் அடியில் தடித்த பற்கள் மூன்றே மூன்று. இது ஹெட்டிரோடான்ட். இதில் சில இனங்களுக்கு நடுப்பற்களோடு பக்கத்தில் நீளமான பற்களும் உண்டு. பாறையில் ஒட்டியிருந்த ஆளிக்குப் பல்லே கிடையாது. மணலில் செங்குத்தாக நிற்கும் விசிறிச் சிப்பிக்கும் இல்லை, நீளமான ஒரு நார்தான் அதன் இரண்டு ஓடுகளையும் பிடித்துக்கொண்டிருக்கிறது (வெறுங்காலோடு நடக்காதீர்கள், அதன் விளிம்பு பிளேடு மாதிரி).

ஓட்டைத் திறப்பது பல்லின் வேலை இல்லை. முதுகில் இருக்கும் அந்த நார் ஸ்பிரிங் போல எப்போதும் திறக்கவே பார்க்கும், உள்ளே இருக்கும் தசை இழுத்து மூடிவைத்திருக்கும். உயிர் போனால் தசை தளர்ந்து ஓடு வாய் பிளக்கும், பிறகு நாரும் மக்கி அறுந்துபோக, அலை ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கம் கொண்டுபோய்விடும். கரையில் நாம் பார்ப்பதெல்லாம் ஒற்றை ஒற்றையாகக் கிடப்பது இதனால்தான். என் சின்ன வயதுக் கேள்வி ஒன்றுக்கு இந்த வயதில் பதில் கிடைத்தது. எடுத்ததை எல்லாம் அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

வீட்டு அலமாரியில் அண்ணனுக்கு யாரோ எப்போதோ கொடுத்த முள் சிப்பி ஒன்று இருக்கிறது. அதில் ஓட்டுக்கு இரண்டு பல், இரண்டு குழி, ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போட்டது போல. எவ்வளவு இழுத்தாலும் பிரியவில்லை. உடைத்தால்தான் உண்டு என்று விட்டுவிட்டேன். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான்.

மத்தியானம் தேக்கா சந்தையில் அரைக் கிலோ சீஹாம் வாங்கினோம், இங்கே சார் குவே தியாவ், லக்சா என்ற நூடுல்ஸ் வகைகளில் போடுவார்களே, அதே சிப்பி. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் இதற்கும் இருப்பதால் உள்ளே சிவப்பாக இருக்கும். வெந்நீரில் போட்டு, முதுகுப் பக்கம் கட்டைவிரலை வைத்துத் திருகிப் பிளந்தால், காலையில் பார்த்த அதே சீப்பு! சாப்பிட்டு முடித்ததும் அவள் பத்துச் சிப்பிகளின் 20 ஓடுகளையும் கழுவிக் கலந்து மேசையில் கொட்டி, ஜோடி சேர்க்கச் சொன்னாள். அளவு ஒன்றாக இருந்தாலும் வேறு சிப்பியின் ஓட்டை வைத்தால் எங்கேயோ இடித்து லேசாக ஆடுகிறது. சொந்த ஜோடி என்றால் இடைவெளியே தெரியாமல் உட்கார்ந்துவிடுகிறது. ஏழு ஜோடி நான் சேர்த்தேன், மீதி மூன்றையும் அவள். கடைசி ஜோடியை என் காதருகே கொண்டுவந்து மூடிக் காட்டினாள், டக்கென்று ஒரு சின்னச் சத்தம்.