இடது ஓரத்து ஒரு மீட்டர்

சாலைப் பாதுகாப்புத் தணிக்கைக்கு ஒரு ரோட்டைக் கையில் எடுத்தால் முதலில் வந்து விழும் புகார்கள் இரண்டு. பஸ், கார் ஓட்டுபவர்கள் "சைக்கிள்காரன் ஓரமாவே போக மாட்டேங்கிறான், திடீர்னு நடுவுல வர்றான்" என்பார்கள். சைக்கிள் ஓட்டுபவர்கள் "ஒரசிக்கிட்டுப் போறாங்க, ஹாரன் அடிச்சே விழ வைக்கிறாங்க" என்பார்கள். இரண்டும் உண்மை. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒரே இடத்தில் கிடக்கும்: தார் முடியும் இடது விளிம்பிலிருந்து உள்ளே ஒரு மீட்டர். அதை அளக்காமல் ஆட்களிடம் மட்டும் கேட்டு எழுதும் அறிக்கையால் ரோட்டில் ஒரு கல் கூட நகராது.

அந்த ஒரு மீட்டரை ஜீப்பில் உட்கார்ந்து பார்க்க முடியாது. இதற்குக் கியர் சைக்கிளும் சரிவராது. கேரியர் வைத்த சாதா சைக்கிள், பின்னால் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று, 5 மீட்டர் டேப், 3 மீட்டர் மட்டப் பலகை, சாக்பீஸ். காலை ஐந்தரைக்கு ஒரு நடை, மாலை ஏழு மணிக்கு ஒரு நடை, முடிந்தால் ஐப்பசி மழையில் ஒரு நடை. சைக்கிள் தானாக வலப்பக்கம் ஒதுங்கும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, எதற்காக ஒதுங்கியது என்று குறிக்க வேண்டும். சென்னையின் உட்புறச் சாலைகளில் அந்தப் பட்டியல் அலுப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரி இருக்கும்: பள்ளமான மேன்ஹோல் மூடி, வாரப்படாத மணல், குப்பைத்தொட்டி, ஈ.பி. பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்வாரியப் பெட்டி), கேபிள் போட்டு மூடிய பள்ளத்தின் மேடு, நின்றுகொண்டிருக்கும் கார்.

மேன்ஹோல் மூடிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகச் சண்டைக்குக் காரணம் இவைதான். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல், அதாவது மில்லிங் செய்யாமல், மேலேயே 40 மில்லிமீட்டர் புதுத் தார் போட்டால் மூடி அந்த அளவுக்குக் கீழே போய்விடும். இரண்டு முறை போட்டால் 80. மூடியை உயர்த்தும் வேலை தனி அயிட்டம், பெரும்பாலும் தனி கான்ட்ராக்டர், சில நேரம் வேறு துறையே. உயர்த்தினாலும் சுற்றிப் போட்ட கான்கிரீட் ஆறுவதற்குள் இரவோடு இரவாக ரோட்டைத் திறந்துவிடுவார்கள். லாரி ஏறியதும் மூடியைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பள்ளம் ஒரு விரல் தடிமன் இருந்தாலே சைக்கிள்காரர் விலகுவார். இரண்டு விரல் என்றால் ரிம் அடி வாங்கும். காருக்கு இது ஒரு சின்னக் குலுக்கல், அதனால் பின்னால் வருபவருக்கு அங்கே பள்ளம் இருப்பதே தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிவது காரணமில்லாமல் குறுக்கே வந்த ஒரு சைக்கிள்.

மழைநீர் வடிகாலின் கம்பி ஜல்லடையும் இதே வகை. கம்பிகள் ரோட்டுக்குக் குறுக்கே போனால் தொல்லையில்லை. ரோட்டின் போக்கிலேயே நீளவாக்கில் போனால் 25, 32 மில்லிமீட்டர் டயர் நேராக உள்ளே இறங்கும். சாதா சைக்கிளின் ஒன்றரை அங்குல டயர் தப்பிக்கும்; கல்லூரிப் பையனின் மெல்லிய டயர் தப்பாது. ஜல்லடையைத் தொண்ணூறு டிகிரி திருப்பிப் போட்டால் போதும். சதுரச் சட்டமாக இருந்தால் ஒரு கடப்பாரையும் இரண்டு ஆளும் கால் மணி நேரமும். இதற்கும் கோப்பு எழுத வேண்டியிருப்பது தனிக் கதை.

விளிம்பு சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அகலம் கணக்கில் உதைக்கும். சைக்கிளின் ஹேண்டில்பார் 60 சென்டிமீட்டர். நடைபாதைக் கல்லிலிருந்து அரை மீட்டராவது தள்ளி ஓட்டியாக வேண்டும், இல்லையென்றால் பெடல் கல்லில் இடிக்கும். பஸ் இரண்டரை மீட்டர் அகலம். நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி, பஸ்ஸுக்கு வலப்பக்கம் ஒரு முப்பது சென்டிமீட்டர். கூட்டினால் 4.9 மீட்டர். நம் நகரச் சாலைகளின் வழக்கமான லேன் 3.5 மீட்டர். இருவரும் அருகருகே போவதற்கு அதில் இடமே இல்லை, ஆனால் போகலாம் போலத் தோன்றும். அந்தத் தோற்றம்தான் ஆபத்து. பிரிட்டனின் 2020ஆம் ஆண்டு சைக்கிள் வடிவமைப்பு வழிகாட்டி, கலப்புப் போக்குவரத்தில் 3.2 முதல் 3.9 மீட்டர் வரையிலான லேன் அகலத்தையே தவிர்க்கச் சொல்கிறது. 3 மீட்டர் என்றால் முந்த முடியாது என்று ஓட்டுநருக்குக் கண்ணாலேயே தெரிந்துவிடும். 5 மீட்டர் என்றால் தாராளமாக முந்தலாம். இடைப்பட்டதில் நுழைந்து பார்க்கத் தோன்றும். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக பேரிகேட் போட்டுக் குறுக்கிய சாலைகளில் சைக்கிள்காரர் லேனின் நடுவில் போவதுதான் சரி. பின்னால் ஹாரன் அடிக்கும், அடிக்கட்டும். ஓரத்தில் போனால் தகரத் தடுப்புக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்.

ஹாரன் பற்றி ஓட்டுநர் பயிற்சி வகுப்புகளில் சொல்லும் ஒரு விஷயம் எப்போதும் ஆச்சரியத்தோடு கேட்கப்படும். பின்னால் பத்தடியில் திடீரென்று ஏர் ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர் தலையை வலப்பக்கம் திருப்பிப் பார்ப்பார். தலை திரும்பும் பக்கம் தோள் திரும்பும், தோளோடு ஹேண்டில்பாரும் திரும்பும். சைக்கிள் அரை மீட்டர் வலப்பக்கம் வரும், சரியாக பஸ்ஸின் பாதையில். 50 மீட்டர் பின்னாலிருந்தே சின்னதாக ஒரு முறை அடித்தால் அவர் நிதானமாகக் கேட்டு வைத்துக்கொள்வார். அருகில் வந்த பிறகு அடிப்பதைவிட அடிக்காமல் இருப்பதே மேல்.

பஸ் நிறுத்தத்தின் கணக்கு இன்னும் சுவாரசியமானது. பஸ் 12 மீட்டர் நீளம், வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். சைக்கிள் 12 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. முன்னும் பின்னும் ஐந்தைந்து மீட்டர் விட்டு முந்த கிட்டத்தட்ட 5 வினாடி ஆகும். அதற்குள் பஸ் 40 மீட்டர் ஓடியிருக்கும். நிற்கும் பயணிகள் தடுமாறாதபடி மெதுவாக பிரேக் பிடித்து நிறுத்த இன்னொரு 35 மீட்டர். ஆக நிறுத்தத்துக்கு 75 மீட்டருக்குள் முந்தத் தொடங்கும் எந்த பஸ்ஸும் சைக்கிளின் முகத்துக்கு நேரே இடப்பக்கம் ஒடித்தே தீர வேண்டும். முந்தாமல் பின்னாலேயே போனால் ஆகும் நஷ்டம் ஏறத்தாழ பத்து வினாடி. அந்தப் பத்து வினாடியை மிச்சம் பிடித்துப் பயனும் இல்லை. ஆட்கள் ஏறி இறங்குவதற்குள் சைக்கிள் வலப்பக்கமாகச் சுற்றி முன்னால் போய்விடும். அடுத்த நிறுத்தத்துக்கு முன் அதே சைக்கிளை மறுபடி முந்த வேண்டும். கோபம் முதல் முறை வருவதில்லை, நான்காவது நிறுத்தத்தில்தான் வருகிறது. ஷேர் ஆட்டோவுக்கு இந்தக் கணக்கும் உதவாது, அதற்கு நிறுத்தம் என்பது கை நீட்டும் இடம்.

திருப்பத்தில் இன்னொரு அளவு முக்கியம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 6 மீட்டர் தூரம் உள்ள வண்டி 12 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தைவிட ஏறக்குறைய 1.6 மீட்டர் உள்ளே வெட்டும். முன்பக்கம் தாண்டிப் போய்விட்டதே என்று இடது ஓரத்தில் காத்திருக்கும் சைக்கிள் அந்த 1.6 மீட்டருக்குள்தான் நிற்கிறது. சிக்னலில் லாரியின் இடப்பக்கம் புகுந்து முன்னால் போய் நிற்கும் பழக்கத்தை, வேறு எதை விட்டாலும், முதலில் விட வேண்டும். லாரியின் பின்னால் நில்லுங்கள், புகை வந்தாலும் பரவாயில்லை.

"ஃப்ரீ லெஃப்ட்" வைத்த, அதாவது சிக்னலுக்குக் காத்திருக்காமல் இடப்பக்கம் திரும்ப விடும் சந்திப்புகள் சைக்கிளுக்கு இதைவிட மோசம். நேராகப் போக வேண்டிய சைக்கிள் இடது ஓரத்தில் வருகிறது. இடப்பக்கம் திரும்பும் வண்டி வேகம் குறைக்காமல் அதைக் குறுக்கே வெட்டுகிறது. சைக்கிளில் இருப்பவர் செய்யக்கூடியது, 30, 40 மீட்டர் முன்பே வலத்தோள் மேலாகத் திரும்பிப் பார்த்து, கையை நீட்டி, ஃப்ரீ லெஃப்ட்டின் வாயைத் தாண்டி நேர் லேனுக்குள் வந்துவிடுவது. சந்திப்புக்குப் பக்கத்தில் வந்து நகர்வது பலிக்காது. பொறியாளர் செய்யக்கூடியது, அகன்ற வளைவைச் சுருக்கி ஆரத்தை 6 முதல் 9 மீட்டருக்குக் கொண்டுவருவதும், அதன் குறுக்கே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய கடப்பு, அதாவது ரோட்டைக் கடக்கும் இடம், கட்டுவதும். வளைவு சுருங்கினால் திரும்பும் வேகம் தானாக இறங்கும், போர்டு தேவையில்லை. சுருக்கினால் நெரிசல் வரும் என்ற எதிர்ப்பு ஒவ்வொரு கூட்டத்திலும் வரும். ஆனால் பச்சை விளக்குக்குக் காத்திருக்கும் வரிசை ஃப்ரீ லெஃப்ட்டின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும் சந்திப்புகளில், நெரிசல் நேரத்தில் அது ஏற்கெனவே வேலை செய்வதில்லை. இரவில் வேகமாகத் திரும்ப மட்டும்தான் உதவுகிறது.

எதிர்த்திசையில் வரும் சைக்கிளுக்கு யாரும் வக்காலத்து வாங்குவதில்லை, வாங்கவும் கூடாது. கிளைத்தெருவிலிருந்து இடப்பக்கம் திரும்புபவர் வலப்பக்கம் மட்டுமே பார்ப்பார். எதிர்த்திசைச் சைக்கிள் அவருடைய இடப்பக்கத்திலிருந்து வரும். ஆனாலும் ஓ.எம்.ஆர். போன்ற ஆறு வழிச் சாலையில் நடுத்தடுப்பின் இடைவெளிகளை மூடிவிட்டு யு-டர்னை ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் போய்வர இரண்டு கிலோமீட்டர். காரில் அது மூன்று நிமிடம். பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து மிதிப்பவருக்குப் பத்து நிமிடம், அதுவும் கால் வலியோடு. அபராதம் போட்டுப் பார்க்கலாம். 300 மீட்டருக்கு ஒரு கடப்பு கொடுத்தும் பார்க்கலாம். இரண்டாவதுதான் நிற்கும்.

வேகத்தடை சண்டையைக் குறைக்கும் என்று நினைத்தால் அதுவும் சைக்கிளுக்கு ஒரு பொறி. சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் கணக்குப்படி வட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். அதன் மேல் சைக்கிள் நோகாமல் ஏறி இறங்கும். தெருக்களில் ஒரே இரவில் முளைப்பவை அகலம் குறைந்து உயரம் கூடியவை. மழைநீர் ஓட ஓரத்தில் ஓர் அடி இடைவெளி விட்டிருப்பார்கள். சைக்கிளும் அதில்தான் நுழையும், பைக்கும் அதில்தான் நுழையும், ஒரே நேரத்தில்.

தனிப் பாதை போட்டால் எல்லாம் தீரும் என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெறும் பச்சை பெயின்ட் அடித்த பாதை ஒரு வாரத்தில் பார்க்கிங் ஆகிவிடும். கார் வரிசைக்குப் பக்கத்தில் அடித்திருந்தால் இன்னும் கெடுதல்: கதவு திறந்தால் ஒரு மீட்டர் வெளியே வரும், பாதையின் முக்கால்வாசி அதற்குள் அடங்கும். நின்ற கார்களைக் கடக்கும்போது கதவுக்கு எட்டாத தூரத்தில்தான் ஓட்ட வேண்டும். காரில் இருப்பவர் வலக்கதவை இடக்கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பிப் பின்னால் பார்க்கும். குறுக்கே தூண் நட்டால் கார் நிற்கும், பைக் நிற்காது. பைக்கின் ஹேண்டில்பாரும் சைக்கிளின் ஹேண்டில்பாரும் ஏறக்குறைய ஒரே அகலம்தான். ஒன்றை விட்டு மற்றொன்றைத் தடுக்கும் இடைவெளி கிடையாது. அதனால் பெரிய சாலைகளில் உயர்த்திய தனிப் பாதை, உட்தெருக்களில் வேகக் கட்டுப்பாடு என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 கிலோமீட்டர் வரம்பு வைத்தது. அதைப் போர்டில் எழுதுவதோடு விடாமல் தெருவின் வடிவத்திலும் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது. 2014இல் மாநகராட்சி ஏற்ற மோட்டார் அல்லாப் போக்குவரத்துக் கொள்கையில் சைக்கிளும் உண்டு. ரோட்டில் கண்ணுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நடைபாதைதான்.

ஞாயிறு அதிகாலை ஈ.சி.ஆரில் போகும் குழுக்கள் மேல் கார்காரர்களுக்கு ஒரு தனிக் கோபம்: ஏன் இரண்டு இரண்டாகப் போகிறார்கள்? இருபது பேர் ஒற்றை வரிசையில் போனால் ஆளுக்கு 4 மீட்டர் வைத்து 80 மீட்டர். இரட்டை வரிசையில் 40. மணிக்கு 60இல் வரும் கார் 30இல் போகும் குழுவைத் தாண்ட முதலாவதில் சுமார் 10 வினாடி, இரண்டாவதில் 5. இரட்டை வரிசை கார்காரருக்கும் லாபம். எட்டுப் பேருக்கு மேல் ஒரு குழுவில் சேராமல், குழுக்களுக்கு நடுவே நூறு மீட்டர் விட்டுப் போனால் பேச்சே எழாது.

ஆனால் பேச்சில் அடிபடுபவர்கள் வேறு, அடிபட்டு விழுபவர்கள் வேறு. வாட்ச்மேன், பேப்பர் போடும் பையன், டீ கேன் கட்டியவர், கட்டட வேலை முடிந்து ஷெட்டுக்குத் திரும்பும் வட மாநிலத் தொழிலாளி. இவர்கள் சைக்கிளில் விளக்கு இருக்காது. விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் டயர் காற்றைப் பிடுங்கிவிடும் காலம் ஒன்று இருந்தது. டைனமோ போனதோடு அந்தப் பயமும் போய்விட்டது. பின் மட்கார்டின் சிவப்பு ரிஃப்ளெக்டரில் சேறு படிந்திருக்கும். மலிவாகச் செய்யக்கூடியது: ஒளிதிருப்பும் ஸ்டிக்கர் டேப்பை கேரியரின் பின்விளிம்பில் ஒரு துண்டும் இரண்டு பெடலின் பின்பக்கத்தில் ஒவ்வொரு துண்டும் ஒட்டுவது. பெடலில் ஒட்டியது மேலும் கீழும் ஆடுவதால் தூரத்திலேயே சைக்கிள் என்று தெரிந்துவிடும். ஒட்டும் முன் எண்ணெய்ப் பிசுக்கை பெட்ரோல் தோய்த்த துணியால் துடைக்காவிட்டால் முதல் மழையில் உரிந்துவிடும். தொழிலாளர் தங்கும் ஷெட் வாசலில் சம்பள நாள் மாலை உட்கார்ந்தால் எல்லா சைக்கிளும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

தணிக்கை அறிக்கையில் இத்தனையும் எழுதிக் கொடுத்தாலும் முதலில் நடப்பது மூடி உயர்த்தும் வேலையாக இருந்தால் நல்லது. அதற்கு ஒரே ஒரு நேரம்தான் உண்டு: புதுத் தார் போட்ட பிறகு, எம்-புக்கில், அதாவது முடிந்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில், அளவு ஏறி பில் பாஸ் ஆவதற்கு முன். மட்டப் பலகையை ஒவ்வொரு மூடியின் மேலும் குறுக்கும் நெடுக்கும் வைத்து, அடியில் ஒரு விரல் நுழைந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டு போட்டோ எடுத்து, பில்லோடு இணைத்துவிட வேண்டும். பணம் போன பிறகு அந்த மூடியைத் தூக்க யாரும் வர மாட்டார்கள், அடுத்த முறை தார் போடும் வரை.