காரை ஓடையில கிடைச்ச கடல்

நவம்பர் 17, 2024

ராத்திரி பூரா மழை. விடிஞ்சதும் பெரம்பலூர் மாவட்டத்துல இருக்குற காரை ஓடைக்கு போயிட்டேன். மழை பேஞ்ச மறுநாள் போனாத்தான் உண்டு, களிமண்ணு கரைஞ்சு ஓடி உள்ள புதைஞ்சு கெடந்ததெல்லாம் மேல வந்திருக்கும். எங்க பாத்தாலும் ஜிப்சம்ங்கிற மெத்தான தாது கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னுது, அதுக்கு நடுவுல சுண்டுவிரல் தண்டிக்கு ஒண்ணு, தேன் கலர்ல, ஒரு பக்கம் மட்டும் கூரா இருந்துச்சு. ஆடு மேய்ச்சுட்டிருந்த தாத்தாகிட்ட காட்டுனேன். "இதெல்லாம் எங்கப்பா காலத்துலேந்து கெடக்குற கல்லு தம்பி, இதப் போயி பொறுக்குறியே"ன்னார். அவரு சொன்னதும் சரிதான், குனிஞ்சு தேடுனா அரை மணி நேரத்துல பத்து கிடைக்குது.

நவம்பர் 19

அது ஜிப்சம் இல்லன்னு உறுதியாயிடுச்சு. ஜிப்சம்னா நகத்துல கீறுனாலே கோடு விழும், இதுல விழல. கொஞ்சம் சுரண்டி அந்தப் பொடியில வினிகர் விட்டேன், சின்னச் சின்னதா நுரை கிளம்புச்சு, அப்போ கால்சைட், சுண்ணாம்புக்கல்லுல இருக்குற தாது. உடைஞ்ச முனைய லென்ஸ் வெச்சு பாத்தா நடுவுல ஒரு புள்ளி, அதுலேந்து சைக்கிள் சக்கரத்து கம்பி மாதிரி சுத்தியும் கோடுகள். தடிச்ச முனையில கூம்பு மாதிரி ஒரு குழி வேற இருக்கு. பெலம்னைட்டேதான்! கணவாய் மீனுக்கு சொந்தக்காரன் அது, உடம்புக்குள்ள வால் பக்கமா இருந்த கெட்டியான பாகம்தான் இப்ப என் கையில இருக்கு. காரைக் களிமண்ணுக்கு சுமார் 10 கோடி வருஷ வயசு. தெற்குக் கண்டங்கள் ஒண்ணா ஒட்டியிருந்த கோண்ட்வானாவுலேந்து இந்தியா பிரிஞ்சு வந்தப்ப இந்தப் பக்கம் நிலம் தாழ்ந்து கடல் உள்ள வந்துடுச்சு. இன்னிக்கு கடலப் பாக்கணும்னா ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போகணும்.

நவம்பர் 24

இன்னிக்கு கிடைச்சதுக்கு பெலம்னைட்டெல்லாம் பக்கத்துலயே நிக்க முடியாது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுருள், பாதி மண்ணுக்குள்ள இருந்துச்சு. அம்மோனைட்னுதான் நெனச்சேன், சுருள் ஓட்டுக்குள்ள அறை அறையா தடுத்திருந்த பழைய கடல் பிராணி. மனசு அடிச்சுக்கிச்சு. ஓடைத் தண்ணியிலயே பழைய டூத்பிரஷ்ஷால மெதுவா தேய்ச்சேன். ஈரமா இருக்கும்போதுதான் அந்தக் கோடுங்க தெளிவா தெரியும், உள்ள இருந்த அறைச் சுவரு ஓட்டோட சேர்ற எடம். அம்மோனைட்டுல அது ஓரமெல்லாம் நெளிஞ்சு கொத்தமல்லி எல மாதிரி இருக்கும். இதுல வெறும் வளைவுதான், ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணு ஒரே சீரா. உடைஞ்ச பக்கத்துல அறைச்சுவரோட நடுவுல ஒரு ஓட்டை, அம்மோனைட்டா இருந்தா அது வெளி விளிம்புல இருக்கணும். நாட்டிலஸ் வகை, அதுவும் சுருள் ஓட்டுக் கடல் பிராணிதான்! இதோட சொந்தம் இன்னும் பசிபிக் கடல்ல உசிரோட இருக்கு, அம்மோனைட் மொத்தமா அழிஞ்சே போச்சு. அத நெனச்சதும் இதக் கையில வெச்சிருக்கவே ஒரு மாதிரி சிலிர்ப்பா இருந்துச்சு.

நவம்பர் 28

ரெண்டு நாளா பழைய புதைபடிவப் புத்தகங்கள்ல இருக்குற படப் பக்கங்களத்தான் பாத்துட்டிருக்கேன். 1860கள்ல நம்ம பக்கத்து பெலம்னைட்டையும் நாட்டிலஸையும் விவரிச்சு எழுதுனவர் பிளான்ஃபோர்ட், அம்மோனைட்டுங்கள ஸ்டோலிஸ்கா, ரெண்டு பேரும் புவியியலாளருங்க. ஒவ்வொரு கோட்டையும் கையால வரைஞ்சிருக்காங்க. என்னோடத எந்த இனம்னு சொல்ல முடியல, ஓடு போயி உள்அச்சு, அதாவது ஓட்டுக்குள்ள நெறைஞ்சு கல்லான மண்ணு மட்டும்தான் மிஞ்சியிருக்கு. பேரு தெரியணும்ங்கிறதுக்காக இஷ்டத்துக்கு ஒண்ண ஒட்ட எனக்கு மனசு வரல. நோட்டுல "நாட்டிலஸ் வகை, உள்அச்சு"ன்னு மட்டும் எழுதிட்டேன்.

தம்பி வேற உருண்டையா நாலு கல்ல அள்ளிட்டு வந்து டைனோசர் முட்டைங்கிறான். ஒண்ணு ஏற்கனவே உடைஞ்சிருந்துச்சு, உள்ள ஓடும் இல்ல ஒண்ணும் இல்ல, ஒரே கெட்டி. பாஸ்பேட் உருண்டைடான்னு காட்டுனேன், இந்த மண்ணுல அது நெறைய உண்டு. மூஞ்சி தொங்கிடுச்சு அவனுக்கு.

டிசம்பர் 1

காரை–குளக்காநத்தம் பகுதி தேசிய புவியியல் நினைவுச்சின்னம். அங்க கெடக்குறத வீட்டுக்கு எடுத்துட்டு வரலாமான்னு முன்னாடியே யோசிச்சிருக்கணும். பெலம்னைட், சுருள் எல்லாத்தையும் பக்கத்துல ஒரு ரூபா காசு வெச்சு நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கிட்டு எடுத்த எடத்துலயே வெச்சுட்டு வந்துட்டேன். சுருள மட்டும் தண்ணி இழுக்காத மேட்டுல வெச்சேன். தாத்தா பாத்துட்டு, "என்ன தம்பி, திரும்பக் கொண்டாந்துட்ட?"ன்னார். உக்காரவெச்சு கோட்டையும் ஓட்டையையும் காட்டுனேன். ரொம்ப நேரம் கையிலயே வெச்சு திருப்பித் திருப்பிப் பாத்தாரு.